வண்டிக்குக் கவசம் விற்பவர்கள்

புதுக் கார் வாங்குகிறவனுக்கு, சாவி கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஒரு பயத்தை விற்றுவிடுகிறார்கள். "சார், நம்ம ஊரு வெயிலுக்கு கோட்டிங் போடலைன்னா ரெண்டே வருஷத்துல பெயிண்ட் போயிடும்." இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், மேட், சீட் கவர் என்று நீளும் பட்டியலின் நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கும் வரி அது. டெஃப்லான் என்றால் சில ஆயிரம், செராமிக் என்றால் அதைப்போலப் பல மடங்கு. எட்டு லட்சம் கடன் வாங்கியவனுக்கு அதன் மேல் இருபதாயிரம் பெரிதாகத் தெரியாது. ரெண்டு வருஷத்தில் போய்விடும் பெயிண்டை எதற்கய்யா அடித்து அனுப்பினீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். இன்றைய காரின் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசி, தொழிற்சாலை அடுப்பில் சுட்டு இறுக்கித்தான் அனுப்புகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள் அந்தக் கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது. நீங்கள் மெனக்கெட்டுத் தேய்க்கும் மெழுகு அதன் மேல் ஒரு மைக்ரான்கூட நிற்காது. வெயிலைத் தடுப்பது எது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மெழுகுக்கு இவ்வளவு பெரிய பெயர் வந்தது அம்பாசடர், பத்மினி காலத்தில். அந்த வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது. நிறமே நேராக வெயிலில் காய்ந்தது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. துணியால் தேய்த்தால் வண்டியின் நிறம் துணிக்கு வந்தது. அங்கே மெழுகுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. பிறகு பெயிண்ட் மாறிவிட்டது, விற்பனைப் பேச்சு மட்டும் மாறவில்லை.

டெஃப்லான் கதை இன்னும் வேடிக்கை. அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில். தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பது, அதற்கும் மேலான சூட்டில் உலையில் சுடப்படுவதால். பிளாஸ்டிக் பம்பரும் ரப்பர் பீடிங்கும் உள்ள ஒரு வண்டியை ஷோரூமின் பின்பக்க ஷெட்டில் வைத்து எந்த உலையில் சுட்டார்கள்?

செராமிக்காரர்கள் கொஞ்சம் படித்தவர்கள். "9எச் ஹார்ட்னெஸ் சார், வைரமே பத்துதான்" என்பார்கள். எஞ்சினியரிங் படித்தவனிடமே இதைச் சொல்லும் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. வைரத்துக்குப் பத்து என்பது மோஸ் அளவுகோல். 9எச் என்பது பென்சில் அளவுகோல். ஆமாம், ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் எச்பி பென்சிலின் தூரத்து அண்ணன்தான். பூச்சின் மேல் அந்தப் பென்சிலை அழுத்தி இழுத்தால் கீறல் விழவில்லை, அவ்வளவே அதன் பொருள். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. நம் தெருப்புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல், மோஸ் அளவில் 7. எது எதைக் கீறும் என்று எட்டாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான்.

செராமிக் பூச்சு சுத்த மோசடி என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு லேசில் ஒட்டாது, மெழுகைவிடப் பல மாதம் கூடுதலாக நிற்கும். ஆனால் உப்புப் போர்த் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால், உருண்டு நின்ற ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வளையத்தை வைத்துவிட்டுப் போகும். அதை எடுக்க மறுபடி பாலிஷ். பாலிஷ் என்பது என்ன? கிளியர் கோட்டை மெஷினால் சீவுவது. ஒரு தடவைக்குச் சில மைக்ரான் போகும். இருப்பதே ஐம்பது. வருஷா வருஷம் 'மெயின்டனன்ஸ்' என்று கூப்பிட்டு, காப்பாற்றுவதாகச் சொன்னதையே வழித்து எடுக்கிறார்கள், நம் காசிலேயே.

மெழுகிடம் எனக்குப் பகையில்லை. வடகிழக்கு பிரேசிலின் ஒரு பனை, கார்னவுபா, தன் ஓலை காயாமலிருக்கச் சுரப்பது அது. மிட்டாயின் பளபளப்பிலும் மாத்திரையின் மேலும்கூட அது இருக்கிறது. (அந்த ஓலை வெட்டும் கூலிகளை அடிமை நிலையிலிருந்து பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் பலமுறை மீட்டிருக்கிறார்கள். எந்த டப்பாவிலும் இது அச்சிடப்படுவதில்லை.) நிழலில், தகடு ஆறியிருக்கும்போது, மிக மெல்லிசாகப் பூசி, மங்கிக் காய்ந்ததும் மென்துணியால் துடைத்தெடுத்தால் போதும். தடிமனாக அப்பினால் கூடுதலானதெல்லாம் துணிக்குத்தான் போகும். ஒன்றிரண்டு மாதம் அழகாக இருக்கும். அழகுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்வதில் என்ன வெட்கம்? கவசம் என்று சொல்லும்போதுதான் எனக்கு எரிகிறது.

ஏனென்றால் வண்டியின் பெயிண்டைக் காப்பதும் கெடுப்பதும் தினமும் அதைத் துடைக்கிற கைதான். எங்கள் அபார்ட்மெண்டில் விடிகாலை ஐந்துக்கு வருகிற அண்ணனுக்கு ஒரு வாளி, ஒரு துணி, இருபது வண்டி. முதல் வண்டியின் மணல் இருபதாவது வண்டி வரைக்கும் அதே துணியில் பயணம் செய்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் என்று ஆளுக்கு ரெண்டு வாளி என அசோசியேஷன் கட்டுப்பாடு வேறு. வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல்கள். செராமிக் போட்ட ஒரு வீட்டுக்காரர் அந்த வலையைக் காட்டி, அவர் சம்பளத்தில் முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். மாதச் சம்பளமே 600.

"நல்ல துணி குடுத்தா நல்லாத் தொடைக்கப் போறேன் சார். நானா வேணும்னு கீறுறேன்?" என்றார் அந்த அண்ணன்.

நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலு வாங்க நானூறு ரூபாய் ஆகாது. தூசியை முதலில் தண்ணீர் விட்டு இறக்க இன்னும் ஒரு வாளி, அலச ஒரு வாளி. ரெண்டு வருஷத்தில் பெயிண்ட் போய்விடும் என்று நடுங்கி இருபதாயிரம் கொடுத்தவர்கள்தான் மாதக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைக்குக் கை தூக்கவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து, "துணியைக் குடுத்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவான்" என்றார். நான் அவரிடம் கேட்டேன்: நீங்கள் கோட்டிங்குக்குக் கொடுத்த பணத்தை எங்கே எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தீர்களா சார்? அந்த முந்நூறு ரூபாயை இன்னும் திருப்பித் தரவில்லை.