தாத்தாவோடு தலைநகரில் ஒரு நாள்



"கோலாலம்பூர் போய் வந்தோம்" என்று நம்மில் ஒருவர் சொன்னால் என்ன பொருள்? தைப்பூசத்துக்குப் பத்துமலை, இல்லாவிட்டால் கல்யாணச் சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா. கால் கடுக்க நடந்து, இரவில் பையும் முதுகுவலியுமாக வீடு திரும்புவோம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பழகிய குடும்பங்கள் அல்லவா நாம்? ஓய்வாக இருப்பதையும் நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் அப்படியொரு நாளைக் கழிக்க முடிவு செய்தேன். மனைவி, பத்து வயது மகன், எழுபது தாண்டிய என் அப்பா ஆகியோருடன் புறப்பட்டேன். "அரும்பொருளகத்தில் எனக்கு என்னப்பா இருக்கு? ராசா கத்தியும் சட்டியும்தானே?" என்றார் அப்பா. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். உளி பிடித்த அந்தக் கை புளிச்சோற்றுப் பையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

சிரம்பானில் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து 2017-இல் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. நிலையத்துக்கு நடைபாதை இருக்கிறது. அதன் வழியே சென்றால் வெயில் படாமல் தேசிய அரும்பொருளகத்தின் அருகே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் சொற்பந்தான். முன்பு அதே இடத்தில் சிலாங்கூர் அரும்பொருளகம் இருந்தது. 1945-இல், போர்க்காலத்தில், அதன் மேல் குண்டு விழுந்தது. இப்போதைய கட்டடம் 1963 ஆகஸ்ட் 31-இல் திறக்கப்பட்டது.

உள்ளே நான்கு கூடங்கள். முதற்கூடத்தில் பேராக் மனிதனின் எலும்புக்கூட்டு மாதிரியைக் காணலாம். லெங்கோங் குகையில் அவனைப் புதைத்துப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. எட்டுக் கைகளுடைய அவலோகிதேஸ்வரர் வெண்கலச் சிலையும் உண்டு. 1936-இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது அது.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். என் தொழிற்குணம் என்னை விடவில்லை. மகன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, "ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஆண்டையும் எழுது" என்றேன். ஓய்வுநாள் பரீட்சை நாளாகிவிட்டது! இரண்டாம் கூடத்தில் திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம், அப்பாவையும் காணோம்.

பதறிப்போய் வெளியே வந்தேன். வளாகத்தில் நிறுத்தியிருந்த பழைய நீராவி ரயில் எஞ்சின் அருகே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கோபத்தோடு போன நான், அப்பாவின் குரல் கேட்டு நின்றுவிட்டேன்.

"எங்கப்பாவைத் தோட்டத்திலிருந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. அப்புறம் கூட்ஸ் வண்டியில சயாமுக்கு. கூடப் போன தம்பி அங்கேயே காலராவில செத்துட்டாராம். அவர் மட்டுந்தான் திரும்பி வந்தாரு. அதுக்கப்புறம் ரயில் ஊதினாலே காதைப் பொத்திக்குவாரு."

சயாம் மரண ரயில் பற்றி நான் வகுப்பில் சொன்னதுண்டு. 415 கிலோமீட்டர் பாதை. 1942 முதல் 1943 வரை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். இவ்வளவும் சொன்ன எனக்கு, என் சொந்தத் தாத்தா அங்கே போனதும், சின்னத் தாத்தா அங்கேயே மாண்டதும் தெரியாது. "ஏம்ப்பா, இத்தனை நாளாச் சொல்லலியே?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே, ஐயா" என்றார்.

மகனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பேராக் மனிதனோடு அரும்பொருள் பட்டியல் நின்றுபோயிருந்தது. அதன்கீழ் கோணல் எழுத்தில் என் தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், "தம்பி திரும்பவில்லை" என்ற ஒரு வரி. அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தின் லயன்கள் இன்று இல்லை. அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி இருக்கிறது. பெயராவது இப்போது ஒரு தாளில் இருக்கிறது.

பிறகு நான் யாரையும் அவசரப்படுத்தவில்லை. 1888-இல் தொடங்கிய ஏரிப் பூங்காவுக்கு, இப்போதைய பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கு, மெல்ல நடந்தோம். மர நிழலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்பா துண்டை விரித்துப் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினார். பட்டப்பகலில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. மாலையில் பிரிக்பீல்ட்ஸில் தோசையும் தேநீரும், இருட்டுமுன் ரயில்.

வாசகர்களே, உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். அடுத்த விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள். எல்லாக் கூடங்களையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீங்களும் நில்லுங்கள். பேசினால் குறுக்கே பேசாதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காக்க அரசாங்கம் ஆள் வைத்திருக்கிறது. நம் பெரியவர்கள் நெஞ்சில் இருப்பதைக் காக்க நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.