எட்டுக் கிரெடிட் எங்கே போயிற்று?

டில்லி சர்வகலாசாலையின் இளங்கலைப் பாடத்திட்டம் 2022-ம் வருஷத்தில் புதிதாக வார்க்கப்பட்டபோது எழுந்த ஆட்சேபங்களையும், அவற்றுக்கு மேலிடத்திலிருந்து சொல்லப்பட்ட சமாதானங்களையும் வாசகர்கள் அறிவார்களாதலால் அந்தக் கதையை இங்கே மறுபடி விஸ்தரிக்கப் போவதில்லை. பட்டப் படிப்புக்கு நான்கு வருஷம் வேண்டுமா, மூன்று போதுமா என்ற விவாதத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். அந்தத் திட்டத்தில் செய்யப்பட்டு, இத்தனை நாள் அனுபவத்துக்குப் பிறகும் கைவிடப்படாமல் இருக்கும் ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் நமக்குக் கேள்வி. அரசியல் விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்த வித்யார்த்தி, தன் துறைக்கு வெளியே எதைப் படிக்கலாம் என்று தானே தீர்மானிக்கும் உரிமையில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் 'மதிப்புக் கூட்டுப் பாடங்கள்' என்ற சரக்கை நிர்ப்பந்தமாக இறக்கி வைத்திருக்கிறார்களே, அதுதான் அந்த முடிவு.

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் 22 கிரெடிட். முதல் ஆறு செமஸ்டர்களில் அதில் பன்னிரண்டு, மூன்று மூலப் பாடங்களுக்கு. முதலிரண்டு செமஸ்டர்களில் 'ஜெனரிக் எலெக்டிவ்' என்னும் பிற துறைப் பாடம் ஒன்று, நான்கு கிரெடிட் பெறுமானத்துக்கு உண்டு, அது சரி. மூன்றாவது, நான்காவது செமஸ்டர்களுக்கு வந்ததும் திட்டம் திடீரென்று கஞ்சத்தனம் காட்டுகிறது. தன் துறையிலேயே ஆழமாகப் படிப்பதற்கான ஒரு விருப்பப் பாடம், பிற துறையில் ஒரு பாடம் என்ற இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், இரண்டுக்கும் இடமில்லை என்கிறார்கள். இடம் எங்கே போயிற்று? முதல் நான்கு செமஸ்டர்களிலும் செமஸ்டருக்கு இரண்டு கிரெடிட் வீதம் மதிப்புக் கூட்டுப் பாடங்கள் எடுத்துக்கொண்ட இடம் மொத்தம் எட்டு. மாணவன் இழந்த இரண்டு பாடங்களின் பெறுமானமும் எட்டுத்தான். இதைத் தற்செயல் என்று சொல்வாரும் இருக்கலாம். நமக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்த அளவில், இங்கே கழிக்கப்பட்டதுதான் அங்கே கூட்டப்பட்டிருக்கிறது.

இந்த எட்டுக் கிரெடிட் ஓர் அரசியல் மாணவனுக்கு என்ன செய்திருக்கும் என்பதை மேலிடத்தார் யோசித்ததாகத் தெரியவில்லை. லோக்சபையில் மாநிலங்களுக்குள்ள ஸ்தானங்கள் 1971-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்மேல் ஏன் நிறுத்தி வைக்கப்பட்டன, அந்தத் தடை நீங்கினால் தெற்கே என்ன நேரும் என்ற வழக்கைப் புரிந்துகொள்ள அரசியல் சாசனத்தின் ஷரத்துக்களை ஒப்பித்தால் போதாது. ஜனத்தொகை எப்படிப் பெருகுகிறது, எப்படித் தேய்கிறது என்பதைச் சொல்லும் புள்ளியியல் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். மத்திய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் சொன்னதே, அந்தப் பங்கில் ஒவ்வொரு மாநிலத்தின் விகிதமும் எந்த அளவுகோல்களால் ஏறி இறங்குகிறது என்பதைப் பொருளாதாரம் அறியாத அரசியல் பட்டதாரி மேடையில் முழங்கலாமே தவிர, மறுபக்கத்து வாதத்துக்குப் பதில் சொல்ல இயலாது. ஜமீன் முறை வேறு, ரயத்துவாரி முறை வேறு என்ற சரித்திர ஞானம் இல்லாதவன், கிராமத்து அதிகாரம் இன்றும் எவர் கையில் இருக்கிறது என்று எதை வைத்து ஆராய்வான்? சமூகவியல் படிக்காமல் ஜாதியையும் வாக்கையும் பற்றிப் பேசுகிறவர்கள் நம் பத்திரிகை உலகத்திலேயே போதுமான அளவு இருக்கிறார்கள். புதிதாக உற்பத்தி செய்ய வேண்டியதில்லை.

இவற்றுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைப்பது என்ன? பட்டியலில் ஆயுர்வேதமும் ஊட்டச்சத்தும் இருக்கிறது. வேத கணிதம் இருக்கிறது. ஸ்வச் பாரத், பிட் இந்தியா என்று சர்க்கார் இயக்கங்களின் பெயரிலேயே பாடங்கள் இருக்கின்றன. மகிழ்ச்சியாக இருக்கும் கலை என்று ஒன்றும் உண்டு. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்துப் பரீட்சையும் வைத்து மார்க்கும் போடும் துணிச்சலை நாம் மெச்சத்தான் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிரெடிட் பிரசங்கம், ஒரு கிரெடிட் செய்முறை என்று வகுத்திருப்பதால், புத்தகசாலையில் கழிய வேண்டிய மணிகள் செய்முறைக் குறிப்பேட்டில் கழிகின்றன.

அந்தப் பட்டியலிலேயே அரசியல் சாசன விழுமியங்களும் அடிப்படைக் கடமைகளும் என்ற பாடம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ரசாயனமோ வர்த்தகமோ படிக்கும் மாணவனுக்கு அது பயன்படவும் கூடும். அரசியல் விஞ்ஞான மாணவன் அதை எடுத்தால், தன் துறையில் விரிவாகப் படிப்பதையே சுருக்கி இன்னொரு முறை படிக்கிறான். எடுக்காவிட்டால் யோகத்துக்கோ உணர்ச்சி நுண்ணறிவுக்கோ போகிறான். இவ்விரண்டையும் சுதந்திரமான தேர்வு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மேலும், அந்தக் கடமைகள் சாசனத்தில் ஏறியது 1976-ல், நாற்பத்திரண்டாவது திருத்தத்தின் மூலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் கிடந்த, பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருந்த அவசர நிலையின்போது. விழுமியம் கற்பிக்க விரும்பும் பெரியோர்கள் அந்தப் பின்னணியையும் அதே சிரத்தையோடு கற்பிப்பார்கள் என்று நம்புவோமாக.

பொதுக் கல்வி என்ற கொள்கைக்கு நாம் விரோதிகள் அல்ல. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் 1949-ல் சமர்ப்பித்த அறிக்கையில், இயற்கை விஞ்ஞானங்கள், சமூக விஞ்ஞானங்கள், மானிடக் கலைகள் ஆகிய மூன்றையும் ஓரளவாவது தொடாமல் எவனும் பட்டம் பெறலாகாது என்ற நோக்கத்தோடு பொதுக் கல்வியை வற்புறுத்தியது. அந்த யோசனையை எழுபது வருஷத்துக்கு மேல் பரணில் போட்டு வைத்திருந்து, கடைசியில் தூசி தட்டி எடுத்தபோது ஒரு துறையின் ஞானத்துக்கு உரிய இடத்தில் உபதேசத்தை வைத்துவிட்டார்களே என்பதுதான் நம் குறை.

இந்த மேலிடத்தாரின் பூர்வ சரித்திரத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இராது. உபாத்தியாயர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் செமஸ்டர் முறையைத் திணித்து, 2011-ல் எல்லா இளங்கலைப் படிப்புகளுக்கும் அதை விஸ்தரித்தார்கள். 2013-ல் நான்கு வருஷப் படிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் பதினோரு அடித்தளப் பாடங்களைக் கட்டாயமாக்கினார்கள். இலக்கியம் படிக்க வந்தவனுக்குக் கணிதத் திறன் வளர்த்தல், எல்லோருக்கும் மனம் உடல் இதயம் ஆகியவற்றை ஒருங்கிணைத்தல். ஒரே வருஷத்தில், 2014 ஜூனில், பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டளைக்குப் பணிந்து அத்தனையையும் வாபஸ் வாங்கினார்கள். நடுவில் அகப்பட்ட மாணவர்கள் ஒரு வருஷம் படித்ததை வைத்துக்கொண்டு விழித்தார்கள். எவரும் மன்னிப்புக் கேட்டதாக நமக்கு ஞாபகமில்லை. அடுத்த வருஷமே விருப்பத் தேர்வு முறை என்று வேறொரு திட்டம் வந்தது. ஏழு வருஷம் கழித்து அதையும் கழற்றிவிட்டு இது.

எதைச் சேர்ப்பது என்பதில் மட்டுமல்ல, எதை நீக்குவது என்பதிலும் இவர்களுடைய விவேகம் பிரசித்தமானது. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகம் அறியச் செய்த ஏ. கே. ராமானுஜன் ராமாயணங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை, நிபுணர் குழுவின் நால்வரில் மூவர் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகும், 2011 அக்டோபரில் சரித்திரப் பாடத்திலிருந்து எடுத்தெறிந்தார்கள். 2021 ஆகஸ்டில் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் கதையோடு, நம் தமிழ் தலித் எழுத்தாளர்களான பாமாவும் சுகிர்தராணியும் ஆங்கிலத் துறைப் பாடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கல்விக் கவுன்சிலில் பதினைந்து பேர் எழுத்து மூலம் தெரிவித்த எதிர்ப்பு காகிதத்தோடு நின்றது. 2023 மே மாதம், இதே அரசியல் விஞ்ஞானப் பாடத்திட்டத்தில் இந்திய அரசியல் சிந்தனையாளர் வரிசையிலிருந்து கவிஞர் முகம்மது இக்பால் நீங்கினார். அவருடைய அபிப்பிராயங்களை மறுப்பதற்காவது அவரைப் படிக்க வேண்டாமா? தலித் பெண்ணின் எழுத்துக்கும், தேசத்தைப் பிரித்த சிந்தனைக்கும் இடமில்லாத பாடத்திட்டத்தில் மகிழ்ச்சிக் கலைக்கு மட்டும் தாராளமாக இடம் இருப்பதைப் பார்க்கையில், இவர்கள் வேண்டுவது சிந்திக்கத் தெரிந்த பிரஜைகளையா, சொன்னதைச் செய்யும் சந்தோஷமான பிரஜைகளையா என்ற சந்தேகம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

பாடங்களை வகுப்பவர்கள் அந்தந்தத் துறை ஆசிரியர்களையும், அவற்றைப் படிக்கப் போகிறவர்களையும் கலந்து, உரிய முறையில் இந்த எட்டுக் கிரெடிட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதற்கு என்ன வழி, எந்தக் குழு, எத்தனை நாள் என்பதையெல்லாம் அவர்களே நிர்ணயிக்கட்டும். திட்டங்களை மாற்றுவதில் அவர்களுக்குள்ள பழக்கம் நமக்கு இல்லை. வரும் வருஷம் அரசியல் விஞ்ஞானம் படிக்கத் தம் பிள்ளைகளை டில்லிக்கு ரயிலேற்ற இருக்கும் நம் பக்கத்துப் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை: கல்லூரியின் கீர்த்தியை விசாரிக்கும் அதே அக்கறையோடு, அங்கே எந்தப் பிற துறைப் பாடங்கள் உண்மையில் நடத்தப்படுகின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி, படித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.