ஒறிஜினல் எஞ்சினோ எண்டு கேட்கிறவைக்கு

எங்கள் வட்டத்தில் ஒருவருடைய வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. 1961ஆம் ஆண்டுக் கார், நாலு கதவு, ஸ்ரீ இலக்கத் தகடு. அம்மப்பா இரண்டாம் கையாக வாங்கினது. போன வருடம் வீட்டுக் கஷ்டத்துக்கு அதை விற்பம் எண்டு முடிவெடுத்தார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். கதவைத் தட்டிப் பார்க்கவில்லை, தரைத்தகட்டில் துரு இருக்கிறதா எண்டு குனியவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. பொனற்றைத் திறக்கச் சொன்னார். ரோச் லைற் அடித்து எஞ்சின் இலக்கத்தைப் படித்தார். "ஒறிஜினல் எஞ்சின் இல்லையே" எண்டார். சொன்ன விலையில் மூன்று லட்சம் குறைந்தது.

அவர் போனபிறகு, கூட்டி வந்த தரகர் தனியக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "தகடு ஒண்டு அடிப்பம் தம்பி. நாலு எழுத்தும் கொஞ்ச இலக்கமும்தானே. புத்தகத்தில இருக்கிறதையே அடிச்சு றிவற் பண்ணி விட்டா ஆருக்குத் தெரியும்?"

இந்தக் கட்டுரை அந்தத் தரகருக்கு எழுதுவதல்ல. அவர் தன்ர பிழைப்பைப் பார்க்கிறார். அவரை அந்த வழிக்குத் தள்ளுகிற ரசனை ஒண்டு இருக்கிறதே, 'மச்சிங் நம்பர்' எண்டு வாய் நிறையச் சொல்லுகிற ரசனை, அதோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்பம். அது அமெரிக்கக் கார்களின் சொல். 1960களின் இறுதியிலிருந்து அங்கே களவைத் தடுக்க எஞ்சின் கட்டையிலேயே காரின் தொடர் இலக்கத்தின் ஒரு பகுதியை அடித்தார்கள். கோர்வெற் போன்ற கார்களில் அதற்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. ஆகவே காரில் இருக்கிற இலக்கமும் கட்டையில் இருக்கிற இலக்கமும் ஒன்றோடொன்று பேசும். பொருந்துகிறதா இல்லையா எண்டு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கட்டை வார்த்த திகதி காருக்குப் பிந்தியதாய் இருந்தால் பொய் பிடிபடும். இலக்கம் அடித்த இடத்தில் தொழிற்சாலை இயந்திரம் விட்ட நுண்ணிய கோடுகள் அழிந்து, கிரைண்டர் பட்ட மினுக்கம் தெரிந்தாலும் பிடிபடும். அங்கே அது ஒரு அறிவு, அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

மொறிஸ் மைனரில் கதை வேறு. காரின் இலக்கம் ஒரு தகட்டில், முன் சுவரில். எஞ்சின் இலக்கம் இன்னொரு தகட்டில், கட்டையின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இலக்கங்கள். இந்தக் காருக்குள் எந்த எஞ்சின் போனது எண்டு சொல்லக்கூடியது தொழிற்சாலைப் பேரேடு மட்டுந்தான். அந்தப் பேரேடுகள் இப்போது இங்கிலாந்தில் கேய்டனில், பிரித்தானிய மோட்டார்த் தொழில் மரபு நம்பிக்கை நிதியத்திடம் இருக்கின்றன. காசு கட்டி விண்ணப்பித்தால் தயாரித்த நாள், நிறம், அனுப்பப்பட்ட நாடு, எஞ்சின் இலக்கம் எல்லாம் எழுதி ஒரு சான்றிதழ் தருவார்கள். ரோச் லைற் அடித்து அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னவர் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவர் பார்த்தது எழுத்தை.

எழுத்தைப் பார்க்கிறதும் ஒரு முறைதான், சரியாகச் செய்தால். மைனரின் கார் இலக்கத்தின் முன்னெழுத்துக்களில் ஒரு எண் வரும். 3 எண்டால் 948 சீசீ எஞ்சினோடு வந்த கார், 5 எண்டால் 1962க்குப் பிறகு வந்த 1098 சீசீ. எஞ்சின் தகட்டில் 9எம் எண்டு தொடங்கினால் 948, 10எம்ஏ எண்டால் 1098. எம் எண்டால் மொறிஸ், ஏ எண்டால் ஒஸ்ரின். பின்னால் வரும் எச் அல்லது எல் கம்பிறஷன் கூடினதோ குறைந்ததோ எண்டு சொல்லும். கட்டையின் பக்கத்திலேயே 950 எண்டோ 1100 எண்டோ வார்ப்பில் புடைத்திருக்கிறதையும் பல எஞ்சின்களில் காணலாம். தகட்டை மாற்றலாம், வார்ப்பில் இருக்கிறதை மாற்றேலாது. தகட்டைப் பிடித்திருக்கிற ஆணிகளைப் பாருங்கள். கடையில் வாங்கின பொப் றிவற்றோ திருகாணியோ இருந்தால் ஆரோ அதைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் எண்டு கேளுங்கள். ஏமாற்று வேலையாகவே இருக்கவேண்டும் எண்டில்லை, எஞ்சினுக்குப் பெயின்ற் அடிக்கக் கழற்றினவர்களும் உண்டு.

இன்னொன்று. எஞ்சின் மாறாத கார்தான் உண்மையான கார் எண்டு அந்தக் கொம்பனியே நினைக்கவில்லை. தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் திருத்தி எடுத்த இன்னொன்றை வாங்கிப் பூட்டுகிற முறையை பீ.எம்.சீ. தானே நடத்தியது. 'கோல்ட் சீல்' எண்டு பெயர், எஞ்சினுக்குத் தங்க நிறம் பூசியிருக்கும். இங்கிலாந்திலேயே எத்தனையோ மைனர்கள் பிறந்த எஞ்சினை விட்டுவிட்டு அப்படித்தான் ஓடின. தேய்கிற பாகம் மாறும். செருப்புக்கு அடி மாற்றுகிற மாதிரி.

இனி எங்கட ஊர்க் கதைக்கு வருவம்.

எங்கள் நண்பரின் காரில் இருக்கிற எஞ்சின் 9ஏ எண்டு தொடங்குகிறது. ஒஸ்ரின் ஏ 35 இனுடையது. அதே 948 சீசீ, அதே குடும்பம், எழுத்து மட்டும் வேறு. அது எப்படி அங்கே வந்தது?

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. உதிரிப்பாகம், பற்றறி, சீமெந்து, எல்லாமே தடைப் பட்டியலில். அப்போது ஓடினவை மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் கொஞ்சத் துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சந்தி திரும்பமுதலே மணம் வந்துவிடும். பழைய பிரிட்டிஷ் கார்கள் இதைத் தாங்கினதுக்குக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய் கம்பிறஷன் கூடின எஞ்சினில் தட்டும், இடிக்கும். ஏ 40 சோமசெற் போன்றவற்றின் கம்பிறஷன் 7க்குக் கொஞ்சம் மேலேதான், ஆகவே முனகிக்கொண்டெண்டாலும் ஓடின. ஹயர் கார், கலியாணக் கார், ஆஸ்பத்திரிக் கார், செத்தவீட்டுக் கார் எல்லாம் அவைதான்.

ஆனால் எஞ்சின் அதுக்கு விலை கொடுத்தது. முழுதாய் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகும். றிங் தேயும், பெயாரிங் போகும். புது ஒயில் ஊற்ற ஒயில் இல்லை. புது றிங் போட றிங் இல்லை. அம்மப்பாவின் 9எம் எஞ்சின் 1992இல் அப்படித்தான் போனது. ஊரில் ஒரு கராஜ்காரர், எங்கோ கோழிக்கூடாய் நின்ற ஒரு ஏ 35 வானிலிருந்து எஞ்சினை இறக்கி, இரண்டையும் கழற்றி, நல்லதைத் தெரிந்தெடுத்து ஒண்டாக்கிக் கொடுத்தார். கரண்ட் இல்லாத ஊரில், கையால். கொழும்பிலிருக்கிற திணைக்களத்துக்குப் போய் எஞ்சின் மாற்றத்தைப் பதிவுசெய்ய அந்த நேரம் ஆரால் ஏலும்? புத்தகத்தில் பழைய இலக்கமே கிடந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, குடாநாட்டின் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அந்தக் கார் அம்மம்மாவையும் இரண்டு கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. ஓடிக் கடந்ததெண்டு சொல்லேலாது, சனத்துக்குள் அரைவாசி தள்ளித்தான். ஆனாலும் கடந்தது. கடத்தினது 9ஏ.

இப்ப ஒருவர் வந்து ரோச் லைற் அடித்து, இது 'ஒறிஜினல்' இல்லை, விலை குறைவு எண்டு சொல்லுகிறார்.

நாங்கள் உணர்ச்சிவசப்படுகிறம் எண்டு நீங்கள் சொல்லலாம். சரி. மற்றப் பக்கத்தையும் பார்ப்பம். வாங்குகிறவருக்குச் சரிபார்க்க உரிமை இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இந்த நாட்டில் உருளக்கூடியது எல்லாத்துக்கும் விலை ஏறினது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டபிறகும் பழைய கார் ஆசை இறங்கவில்லை. இந்தச் சந்தையில் களவெடுத்த எஞ்சின், இரண்டு காரை வெட்டி ஒட்டின கார், வேறொரு காரின் புத்தகம் எல்லாம் சுத்துது. புத்தகத்தில் இருக்கிற இலக்கமும் கட்டையில் இருக்கிறதும் ஒத்துப்போகாத காரை வாங்கினவர் பெயர் மாற்றப் போய் மாதக்கணக்கில் அலைவார். ஆகவே பார்க்கத்தான் வேணும். வடிவாகப் பார்க்க வேணும்.

எங்கட கேள்வி, பார்த்தபிறகு என்ன செய்கிறீர்கள் எண்டது. 'இது எந்த எஞ்சின், எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது' எண்டு கேட்பதற்குச் சரிபார்ப்பு உதவ வேணும். இப்ப அது ஆம், இல்லை எண்டு இரண்டே பதில் உள்ள பரீட்சையாய்ப் போய்விட்டது. 'இல்லை' எண்டு உண்மை சொல்லுகிறவர் மூன்று லட்சம் இழக்கிறார். தகடு அடித்துப் பொய் சொல்லுகிறவருக்கு அது கிடைக்கிறது. பொய்க்குக் காசு கொடுக்கிற சந்தையை நீங்களே செய்துவிட்டு, 'யாழ்ப்பாணத்துக் காரெண்டால் கவனம், தகடு மாத்துவாங்கள்' எண்டு முகநூலில் எழுதுகிறீர்கள்.

புலம்பெயர்ந்த அண்ணாமாரும் இதில் சேர்த்தி. லீவில் வந்து, சின்ன வயசில் ஏறின காரைத் தேடி வாங்கி, 'றெஸ்ரோர்' பண்ணுகிறார்கள். நல்ல விஷயம், கராஜ்களுக்கு வேலை. ஆனால் முதல் வேலையாக என்ன நடக்கிறது? அந்தக் காலத்தில் பூட்டின எஞ்சின் இறங்குகிறது. மண்ணெண்ணெய்க்கெண்டு கையால் செய்த இரண்டாவது தாங்கி, குழாய், திருப்பி எல்லாம் கழன்று பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போகிறது. அதன்பிறகு 1961இல் கடையில் நின்ற மாதிரி ஒரு கார் வருகிறது. முப்பது வருடம் துடைபட்டுப் போகிறது. அந்தக் குழாய்களை ஒரு படமாவது எடுத்து வைத்தீர்களா? செய்தவரின் பெயரைக் கேட்டீர்களா? அந்தக் கராஜ்காரர்களில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஜப்பான் எஞ்சின் பூட்டின மைனரைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒண்டு. 2002இல் ஏ 9 திறந்தபிறகு டற்சன் 1200 எஞ்சினைப் பூட்டி ஓடின கார்கள் இங்கே இருக்கின்றன. நிசான் 1952இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து ஏ 40 சோமசெற்றையும் பிறகு ஏ 50 ஐயும் ஜப்பானில் செய்துதான் தொழிலைக் கற்றது. ஒஸ்ரினும் மொறிஸும் அதே 1952இல் ஒரே கொம்பனியாயின. அப்ப டற்சன் எஞ்சின் மைனருக்குள் வருவது மருமகன் மாமி வீட்டுக்கு வருகிற மாதிரித்தான். 'ஒறிஜினல்' எண்டு காப்பாற்றப் பார்க்கிற இங்கிலாந்து மைனர்களிலும் இலங்கையில் செய்த உதிரிப்பாகங்கள் இருக்கலாம், 1990களில் இங்கே செய்து அங்கே அனுப்பினார்கள். அதுக்கு ஆரும் விலை குறைக்கிறதாய்த் தெரியேல்லை.

அந்தக் காரின் இலக்கத் தகட்டையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லுறம். அந்த ஸ்ரீக்காக 1958இல் இந்த நாட்டில் தார் பூசினார்கள், அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன. இண்டைக்கு அதே ஸ்ரீத் தகடு 'கிளாசிக்' எண்டு விலையைக் கூட்டுகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற சண்டையைச் சரித்திரம் எண்டு ஒத்துக்கொள்ளுகிற நீங்கள், 9ஏக்குப் பின்னால் இருக்கிறதை மட்டும் குறை எண்டு எழுதுகிறீர்கள்.

நாங்கள் கேட்பது பெரிசாய் ஒண்டுமில்லை. விற்கிறவர் எஞ்சின் மாறின கதையை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்: எந்த வருடம், எந்தக் காரிலிருந்து, ஆர் பூட்டினது. வாங்குகிறவர் அதை வைத்திருக்கட்டும். புத்தகத்தை முறைப்படி திருத்தட்டும். பழைய எஞ்சினை இறக்கினால் எறியாமல் ஒரு மூலையில் வைக்கட்டும், படம் எடுக்கட்டும். இலக்கத்தை மட்டும் கிரைண்டரால் தொடவேண்டாம். அது சட்டப்படி குற்றம், அதோடு அந்தக் கராஜ்காரர் செய்த வேலையை அவர் செய்யவேயில்லை எண்டு சொல்லுகிற காரியம்.

எங்கள் நண்பரின் வீட்டில் தரகருக்கு 'வேண்டாம்' எண்டு சொல்லிவிட்டார்கள். அம்மா கொஞ்சம் தயங்கினவ, மூன்று லட்சம் அவவுக்குச் சின்னக் காசில்லை. எஞ்சின் இலக்கத்தைத் திருத்தித் தரும்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. கேய்டனுக்கும் எழுதியிருக்கிறார்கள், 9எம் எஞ்சினின் இலக்கம் என்ன எண்டு அறிய. கராஜ்காரரின் மகன், இப்போது அவரும் அதே தொழில்தான், தகப்பனின் கையெழுத்தில் இருந்த ஒரு கொப்பியைக் கொண்டு வந்து தந்தார். 1992, வானின் இலக்கம், மாற்றின சாமான்களின் பட்டியல், வாங்கின கூலி. கூலியில் பாதிக்கு நெல்லு எண்டு எழுதியிருக்கிறது.

கார் இன்னும் விற்கவில்லை.