விருப்பத்தேர்வாம்! யாருடைய விருப்பம் சாமி?

நம்ம வீட்டு மூலையில் பச்சை விளக்கை மினுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற வைஃபை பொட்டி இருக்கே, அந்த மாதிரி பல பொட்டிகளுக்குள்ளே பிஸிபாக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கும். லினக்ஸின் நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே ஃபைலில் அடைத்து வைத்த சமாச்சாரம். 1995ல் புரூஸ் பெரன்ஸ் ஆரம்பித்தது. டெபியனை நிறுவ வேண்டியதெல்லாம் ஒரே ஃப்ளாப்பியில் அடங்கணும் என்பது நோக்கம். 1.44 எம்பிக்குள் குடித்தனம் நடத்த பைட்டை எண்ணித்தான் செலவழிக்கணும். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

சண்டை வேறே. இதைத் தயாரிக்கும்போது ஒரு நீளமான பட்டியல் வரும். எந்தக் கட்டளை வேணும், அதில் எந்த வசதி வேணும் என்று பொட்டி செய்கிற கம்பெனிக்காரர் டிக் அடிப்பார். பட்டியலில் இருக்கிற பெயர்களைப் பாருங்க. எக்கோ கட்டளைக்கு மைனஸ் என் போட்டால் வரி முறியாமல் எழுதும், எல்லாரும் தினம் புழங்குறது. அதற்கு இங்கே பெயர் 'ஃபேன்சி எக்கோ'! ஃபேன்சி ஸ்டோர் பொட்டு, வளையல் மாதிரி. சரி, வேண்டாம் என்று எடுத்துவிட்டால் 'இந்த வசதி இல்லை' என்றாவது சொல்லுமா? சொல்லாது. 'மைனஸ் என்' என்பதையும் சேர்த்து சமர்த்தாக ஃபைலில் எழுதிவிட்டுப் போயிடும்.

'டெஸ்க்டாப்' என்று இன்னொண்ணு. அதன் விளக்கத்தைப் படித்தால், தனியாக டிக் கட்டம் கிடைக்காத வசதிகளை எல்லாம் மொத்தமாகச் சேர்க்கிற கட்டமாம் அது. ரவுட்டர் செய்கிறவர் 'டெஸ்க்டாப் நமக்கெதுக்கு' என்று எடுப்பார். கூடவே ஓடும் வேலைகளில் வேண்டிய விவரத்தை மட்டும் கேட்கிற பிஎஸ் மைனஸ் ஓ-வும் போயிடும்.

எனக்குப் பயம் தருவது 64 பிட் கணக்குக்கான கட்டம். வழக்கமாக டிக் அடித்தே வரும். இடம் மிச்சம் என்று யாராவது எடுத்துவிட்டால், 32 பிட் பொட்டியில் ஷெல்லின் கணக்கு 2147483647-க்கு மேலே போகாது. இந்த மாதம் எவ்வளவு டவுன்லோடு என்று பைட்டில் கூட்டினால் 2 ஜிபி தாண்டியதும் மைனஸில் விழும். (பைசாவில் வைத்தால் 2,14,74,836 ரூபாய் 47 பைசா. எங்க பிராஞ்சில் இப்படி நடந்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?)

பேங்கில் செக் புக் வரலைன்னு சண்டைக்கு வந்தால், கணக்கு ஆரம்பித்த பாரத்தை எடுத்து 'நீங்க டிக் அடிக்கலை சார்' என்று காட்டுவோம். இங்கே டிக் அடித்தது வேறொருத்தர், பாரமும் நம்ம கண்ணில் படாது. பதிப்பு எண் ஒண்ணாகவே இருந்தாலும் இரண்டு பொட்டி இரண்டு விதமாக நடக்கும். பிஸிபாக்ஸ் என்று அடித்தால் கட்டளைகளின் பெயர் வரும், உள்ளே இருக்கிற வசதிகள் வராது.

வேடிக்கை என்னன்னா, அந்தப் பாரத்தை அப்படியே காட்டுகிற பிபிகான்ஃபிக் என்ற கட்டளை பிஸிபாக்ஸிலேயே இருக்கு. ஏறக்குறைய 10 கேபி. அதுவும் ஒரு விருப்பத்தேர்வு, வழக்கமாக டிக் இல்லாமலே வரும்! ஃப்ளாப்பி மலையேறி எத்தனை வருஷமாச்சு? இன்னுமா இந்த 10 கேபிக்குக் கஞ்சத்தனம்?

கேட்க நமக்கு உரிமை உண்டு மக்களே. பிஸிபாக்ஸ் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவது. மூல நிரலோடு, அதைத் தயாரிக்கப் பயன்பட்ட ஸ்க்ரிப்டுகளையும் தரணும் என்று அதிலே எழுதியிருக்கு. தராத கம்பெனி மேல் 2007ல் அமெரிக்காவில் வழக்கே போட்டாங்க. உங்க பொட்டிக்குள் நுழைய முடிந்தால் பிபிகான்ஃபிக் என்று அடித்துப் பாருங்க. இல்லைன்னு வந்தால் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுங்க, மூல நிரலோடு அந்த டிக் பட்டியலும் வேணும்னு.