விலைக்கு ஒரு வேலி

சிகரெட்டை மலிவாக விற்பது சட்டப்படி தப்பு என்று நான் சொன்னால் வாசகர்கள் சிரிக்கலாம். போட்டிக்குப் பேர்போன அமெரிக்காவில்தான் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

அங்கே விஸ்கான்சின் ராஜ்யத்தில் 1939-ஆம் ஆண்டு செய்த சட்டம் இன்றும் அமலில் உள்ளது. போட்டியாளரின் வியாபாரத்தைப் பறிக்கும்படி அடக்க விலைக்குக் கீழே விற்றால் அபராதம். அடக்கம் என்றால் வாங்கிய விலை மட்டுமல்ல. விற்பனைச் செலவும் சேர வேண்டும். தம் செலவு குறைவு என்று வியாபாரி நிரூபித்தாலொழிய, சிகரெட்டுக்கு மொத்த வியாபாரி நூற்றுக்கு 3, சில்லறை வியாபாரி நூற்றுக்கு 6 என்று சட்டமே கணக்குப் போட்டுவிடுகிறது. 100 டாலர் சரக்கு, வாடிக்கைக்காரர் கைக்கு வரும்போது 109 டாலர் 18 சென்ட்!

சட்டம் செய்தவர்களின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் கிளை வைத்த பெருங்கடைகள் ஒரு சரக்கை நஷ்டத்துக்கு விற்று ஜனங்களை இழுக்கும். மற்ற சரக்குகளில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். தெருமுனைக் கடைக்காரர் கதவைச் சாத்த வேண்டியதுதான். அவரைக் காப்பாற்ற நினைத்தது நல்ல எண்ணமே.

ஆனால் அந்த வேலிக்கு இப்போது வேறு பெயர் சூட்டுகிறார்கள். விலை ஏறினால் புகை குறையும். ஆகவே இது ஆரோக்கியச் சட்டமாம்! நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையே காரணம் என்று அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டது 1964-ல். அதற்கு 25 வருஷம் முன்பே பிறந்த சட்டத்துக்கு நெஞ்சைப் பற்றி என்ன கவலை? கல்லாப் பெட்டியைப் பற்றிய கவலைதான்.

நியூயார்க் நகரமோ ஆரோக்கியத்தின் பெயராலேயே 2013-ல் சட்டம் செய்து, பாக்கெட் பத்தரை டாலருக்குக் குறையக்கூடாது என்றது. 2018-ல் அதை 13 டாலராக்கியது. விலை ஏறினால் புகை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஏறிய பணம் எங்கே போகிறது என்பதே என் கேள்வி. வரியாக ஏறினால் கஜானாவுக்குப் போகும். நாலு ஆஸ்பத்திரிக்காவது உதவும். வெறும் குறைந்தபட்ச விலையாக ஏறினால் அது வியாபாரிகளின் பங்கு. பாக்கெட்டுக்குப் பாக்கெட் இத்தனை லாபம் என்று சட்டமே உத்தரவாதம் கொடுத்தால், எந்தக் கடைக்காரர் சிகரெட்டைக் கைவிடுவார்?

விஷத்தின் விலையை ஏற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஏற்றியதை விற்பவருக்கே சன்மானமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு வைத்தியம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.