மண் எங்கள் காலடியில், காணி உறுதி யார் கையில்?

குடும்பமாக ஊர் சுற்றி, மண் வீடுகளைப் பார்த்து, சுவர் எழுப்பப் பழகி, பிள்ளைகளுக்கு 'நிலைத்த வாழ்வு' சொல்லிக் கொடுக்கிற பயணங்கள் இப்போது பெருகிவிட்டன. சிலர் ஆரோவில்லுக்குப் போகிறார்கள். சிலர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்க்கத் திருவனந்தபுரம் போகிறார்கள். எங்கள் பக்கத்துச் சிங்கராஜாவுக்கு வருகிறவர்களும் உண்டு. றக்வான டவுனைத் தாண்டும்போது வேன் கண்ணாடியை இறக்கி லயங்களைப் படம் பிடிப்பார்கள். "எவ்வளவு எளிமையான வாழ்க்கை!" என்று கீழே எழுதியும் போடுவார்கள்.

அந்தப் பயணங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. போங்க, படிச்சிட்டு வாங்க. ஆரோவில்லில் மண் கட்டுமானத்துக்கென்றே ஒரு நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. சலித்த மண்ணில் சுமார் 5 சதவீதம் சீமெந்து சேர்த்து இயந்திரத்தில் அழுத்தினால் கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், சில வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்தால் போதும். நல்ல வீட்டுக்கான பொருள் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, றக்வானையைச் சுற்றி அந்த ஐந்து மைல் வட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். செம்மண் இருக்கிறது. கருங்கல், மூங்கில், மானாப்புல் எல்லாம் இருக்கின்றன. கைகளும் இருக்கின்றன. மலை சரியாமல் கான் வெட்டியவர்கள், கல்லடுக்கி அணை கட்டியவர்கள் எங்கள் தாத்தா பாட்டிமார். மாணிக்கக் குழிக்குள் மரமும் இலை தழையும் கொடுத்து மண்ணைத் தாங்க வைக்கிற வித்தை இந்த ஊரில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மண்ணைப் பற்றி இவர்களுக்கா பயிற்சி முகாம்?

இல்லாதது ஒன்றுதான், அத்திவாரம் போட உரிமையுள்ள நிலம். காணி அரசாங்கத்தினுடையது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. லயத்து இஸ்தோப்பை நாலடி நீட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் கட்டின காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்புகிறது. விறகு அடுப்பு, நாலு பாத்தி கீரை, ஒரேயொரு பல்பு. இதைப் பார்த்து 'இயற்கை வாழ்வு' என்று பூரிக்காதீர்கள். யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்த எளிமை இல்லை இது.

வீட்டுத்திட்டம் வருகிறதே என்பீர்கள். வருகிறது. 2017 இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணி, அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு. லயத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே வரைபடம். சீமெந்து லொறி ஏறுவதற்கே ரோட்டு இல்லாத தோட்டங்களுக்கும் அதே சீமெந்துக்கல். அழுத்திய மண்கல்லுக்கு இலங்கைத் தரக்கட்டளையே இருக்கிறது: எஸ்எல்எஸ் 1382, 2009 இலிருந்து. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் தோட்டத்து வீட்டுக்கு என்று வரும்போது யாருக்கும் ஞாபகம் வராது.

இதை லயத்தில் பேசினால் அம்மாமார் ஒரு கேள்வி கேட்பார்கள்: "திரும்பவும் எங்கள மண் வீட்டுலயா போடப் போறீங்க?" நியாயமான கேள்வி. நிலம் உள்ளவன் மண் வீடு கட்டினால் ரசனை, நாங்கள் கட்டினால் வறுமை என்றுதான் ஊர் பார்க்கிறது. அதனால் வரிசையை மாற்றக் கூடாது. உறுதி முதலில் வரட்டும். கல் எது, கூரை எது என்பதை அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரி சொல்லட்டும். இன்னொரு விஷயம்: 2003 மே, 2017 மே இரண்டிலும் இரத்தினபுரி மாவட்டத்தில் மண்சரிவு ஆட்களைக் கொன்றது. சரிவை வெட்டி எழுப்பினால் மண்கல் வீடானாலும் புதைகுழிதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்துச் சொல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது.

ஆகவே எங்கள் கோரிக்கை மூன்று. வீட்டோடு சேர்த்தே காணி உறுதி, அதில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் பெயரும். கட்டும் முன் இடத்துக்குச் சரிவுப் பரிசோதனை. தோட்டத்துப் பிள்ளைகள் கூலியோடு வேலை பழக, இந்த வட்டாரத்தில் ஒரு மண்கல் இயந்திரம். சிங்கராஜாவுக்கு வருகிற குடும்பங்கள் அதைப் பார்க்க வரட்டும், ஆளுக்கு நாலு கல் அழுத்திவிட்டும் போகட்டும்.