எனக்குப் பசிக்கிறது

மாதுங்கா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் ஆங்கிலம் பயிலும் நம் சிறார் சிலர், ‘நான் பசிக்கிறேன்’ என்று கூறக் கேட்கிறோம். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதே இன்றைய தமிழ் வழக்கு. பசியும் கோபமும் வெட்கமும் நாம் செய்பவை அல்ல, நமக்கு நேர்பவை. ஆதலின் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு வருகிறது.

அண்டை வீட்டு மராத்தியரும் ‘மலா பூக் லாக்லீ’ என்பர்; ‘மலா’ என்றால் ‘எனக்கு’. இலத்தீனில் ‘மே புடெட்’ என்றால் ‘என்னை வெட்கம் பற்றுகிறது’ என்பது கருத்து. ஆங்கு இரண்டாம் வேற்றுமை. ஆங்கிலத்திலும் இத்தகைய வழக்கு முற்காலத்தில் இருந்து, பின்னர் மறைந்தது.

நம் இல்லங்களில் அது மறையலாகாது. பிள்ளை தவறிக் கூறின் நகையாடாது, ‘உனக்குப் பசிக்கிறதா?’ என்று கேட்டு அன்னமிடுவோமாக. செவிவழியே தமிழ் நிலைக்கும்.